வெள்ளவத்தை போர்டிங்கில எட்டு மாசம்: எடுக்கலாமோ, விடலாமோ?

போன கிழமை மட்டும் ரெண்டு பேர் கேட்டிட்டினம், "அக்கா, கொழும்பில வேலை கிடைச்சிருக்கு, வெள்ளவத்தையில போர்டிங் எடுக்கிறதோ இல்லாட்டி வேற எங்கயும் அனெக்ஸ் பாக்கிறதோ" எண்டு. போர்டிங் எண்டா வீட்டுக்காரரோட ஒரு அறை, அனெக்ஸ் எண்டா வீட்டோட ஒட்டின தனிப் பகுதி. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் அனுப்பித் தொண்டை நோகுது, அதால ஒரேயடியா எழுதி விடுறன். நான் இருந்த வீட்டின்ர பேரோ லேனோ போட மாட்டன், வீட்டுக்கார அன்ரி நல்ல மனுசி, ஆனா காசு குடுத்து இருந்த இடத்தைப் பற்றிச் சொல்லத்தானே வேணும்.

நான் கோண்டாவில். அக்கவுண்ட்ஸ் படிச்சுப்போட்டு யாழ்ப்பாணத்தில ரெண்டு வருசம் ஒரு சின்ன ஒபிஸில இருந்தனான், பிறகு கொள்ளுப்பிட்டியில ஒரு இடத்தில ஓடிற் வேலை கிடைச்சு ஒக்ரோபரில வந்தனான். அம்மா போட்ட ஒரே கண்டிஷன், "தமிழ் ஆக்கள் இருக்கிற இடமா இருக்க வேணும், பொம்பிளைப் பிள்ளையள் மட்டும் இருக்கிற வீடா இருக்க வேணும்." அந்த ரெண்டையும் சொன்னாலே புரோக்கர்மார் வெள்ளவத்தை எண்டு தொடங்கிடுவினம். முதலே சொல்லிப்போடுறன், புரோக்கரைப் பிடிச்சா ஒரு மாச வாடகை அவருக்குப் போகும், வீட்டுக்காரர் ஆறு மாசம் ஒரு வருசம் எண்டு அட்வான்ஸ் கேப்பினம், அது அனெக்ஸ் எண்டா. போர்டிங் எண்டா கொஞ்சம் இரக்கம் உண்டு. எனக்கு மூண்டு மாச அட்வான்ஸ், ரெண்டு பேர் பங்கிடுற அறை, ஆளுக்கு 20,000, காலமையும் இரவும் சாப்பாடு வேணுமெண்டா இன்னொரு 15,000, கரண்ட் தனி. புரோக்கர் இல்லாமல் சித்தியின்ர சிநேகிதி ஒராள் சொல்லித்தான் கிடைச்சது, அதால கொமிஷன் தப்பிச்சுது.

வீடு காலி றோட்டில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு லேனில, மூண்டாம் மாடி. லிப்ட் கிடையாது. அறை எண்டா பெருசா எதிர்பாராதேங்கோ, ரெண்டு கட்டில், ரெண்டு இரும்பு அலுமாரி, நடுவில ஒராள் நிண்டா மற்றவ கட்டிலில ஏறி இருக்க வேணும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தா பக்கத்து பிளாட்டின்ர குசினி, அவையள் என்ன தாளிக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும். மெத்தை மெல்லிசு, ரெண்டாம் கிழமையே புறக்கோட்டைக்குப் போய் புதுசு ஒண்டு வாங்கி திறீவீலில கட்டிக்கொண்டு வந்தனான். ஃபானும் சொந்தமா வாங்கிப் போடுங்கோ, முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கடை கடையா எலக்ட்ரிக் சாமான் இருக்கு, விலை கேட்டுக் கேட்டு நடந்தா குறைப்பினம். பெட்ஷீற், கேர்ட்டின் துணிக்கு கெய்சர் வீதி.

ரெயின் சத்தம் ஒரு விசயம். தண்டவாளம் மரின் டிரைவுக்கும் கடலுக்கும் இடையில போகுது, லேன் முடியிற இடத்தில அதுதான். முதல் நாள் இரவு கட்டில் ஆடுது எண்டு எழும்பி இருந்தனான், பக்கத்துக் கட்டில் பிள்ளை திரும்பியும் படுக்கேல்லை. பத்துப் பதினைஞ்சு நாளில எனக்கும் கேக்காமல் போட்டுது, இப்ப சத்தம் இல்லாத இடத்தில நித்திரை வருதில்லை.

சரி, தண்ணியைப் பற்றி ஒராளும் எழுதிறேல்லை, நான் எழுதிறன். எங்கட ஊர் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளைப் படை பிடிக்கும், சவர்க்காரம் போட்டா நுரைக்கப் பஞ்சிப்படும். இங்க களனி ஆத்துத் தண்ணி, மெதுமை. முதல் நாள் குளிக்கப் போய் ஊரில பூசிற அளவுக்குச் சவர்க்காரத்தைப் பூசிப்போட்டு கழுவுறன் கழுவுறன், வழுவழுப்புப் போகுதே இல்லை, வெளியில ஒராள் கதவைத் தட்டுறா, உள்ளுக்குள்ள நான் இன்னும் சவர்க்காரம் போகேல்லை எண்டு வாளி வாளியா ஊத்துறன். கடைசியில பார்த்தா அது சவர்க்காரம் இல்லை, தண்ணியின்ர குணமே அப்பிடித்தான். தலைமயிர் நல்லா மெத்தெண்டு இருக்கும், தேத்தண்ணி ருசி மட்டும் மாறும், அம்மா தந்து விட்ட அதே தேயிலைதான் ஆனா அதே தேத்தண்ணி இல்லை. மூண்டாம் மாடிக்கு பைப் தண்ணி தானா ஏறாது, கீழ் ராங்கில இருந்து மோட்டர் போட்டு ஏத்த வேணும், விடியக்காலமை அஞ்சு மணிக்கு அன்ரி மோட்டர் போடுவா, அவ மறந்தா அண்டைக்கு ஆறு பொம்பிளையள் வாளியோட படியில நிப்பினம்.

புழுக்கம், அது வேற கதை. யாழ்ப்பாணத்தில வெயில் சுடும், ஆனா வேர்வை காயும். இங்க காயாது. காயப்போட்ட உடுப்பு ரெண்டு நாளாகியும் ஈரம். மே மாசம் ஊரில நிலம் வெடிச்சுக் கிடக்கேக்க இங்க தென்மேல் பருவ மழை தொடங்கிடும், எனக்கு மே மாச மழை எண்டதே புதுசு, குடை கொண்டு போகாமல் மூண்டு தரம் நனைஞ்சனான். தோல் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழ வச்சிட்டு லீவில ஊருக்குப் போட்டு வந்து பார்த்தா பச்சைப் பூஞ்சணம். கடல் காத்துக்கு கேற் பூட்டே துருப்பிடிச்சு, திறப்பை உள்ளுக்கு விட்டுக் கொஞ்சம் தூக்கி இடப்பக்கம் சரிச்சாத்தான் திறக்கும். அந்தச் சரிப்பு கைக்குப் பழக ஒரு மாசம் எடுத்தது.

இனி சாப்பாடு. இதுக்காகத்தான் ஆக்கள் இந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்கினம். இரவு அநேகமா அரிசிமாப் புட்டு இல்லாட்டி இடியப்பம், சொதி, சம்பல், ஒரு மீன் குழம்பு. அன்ரி தூளை ஊரில இருந்துதான் எடுப்பிக்கிறவ, கொழும்புக் கடைத் தூளைக் குசினிக்குள்ள விட மாட்டா. வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மரக்கறி, நீங்கள் விரதமோ இல்லையோ அது அவவுக்குப் பிரச்சினை இல்லை. மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டு எங்களோட இருந்தவள், சொதியைக் கரண்டியால தூக்கித் தூக்கிப் பார்த்து "என்னகா இது, தண்ணிக்குள்ள மஞ்சளா" எண்டு கேப்பாள், அன்ரி ஒருநாளும் கோவிக்கேல்லை, அடுத்த நாள் அவளுக்கு மட்டும் கட்டிப்பால் விட்டு வைப்பா. அந்தப் பிள்ளை ஊருக்குப் போட்டு வரேக்க சட்டியோட எருமைத் தயிர் கொண்டு வருவாள், அண்டைக்கு ஒருத்தரும் டயற் இல்லை. சாப்பாட்டுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டன். ஓ, ஒண்டு, காலமை பாண் எண்டா பாண்தான், கிழமையில மூண்டு நாள் பாணும் பருப்பும், அது அலுக்கும்.

கரண்ட் பில்லில கவனமா இருங்கோ, இதை வடிவாக் கேளுங்கோ. வீட்டுக் கரண்டுக்கு யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியா ஏறும், மாசம் 180 யூனிட்டுக்கு மேல போனா ஆகக் கூடின படி. தனியா ஒரு குடும்பம் இருந்தா அவ்வளவு வராது, ஆனா ஒரு மீற்றரில ஆறு போர்டிங் பிள்ளையளும் வீட்டுக்காரரும் எண்டா கட்டாயம் மேல் படிக்குப் போகும், அதால நீங்கள் ஒரு ஃபானும் ஒரு லைட்டும் ஃபோன் சார்ஜரும் மட்டும் பாவிச்சாலும் உங்கட பங்கும் அந்த ஏறின பில்லின்ர சராசரி விலையிலதான் கணக்குப் பார்க்கப்படும். எங்கட வீட்டில அறைக்கு அறை சப் மீற்றர் இருந்தது, ஆனா யூனிட்டுக்கு அன்ரி போட்ட விலை பில்லில இருந்த சராசரியை விடக் கூட. நான் ஓடிற்காரி, பேசாமல் இருப்பனோ. மூண்டு மாசப் பில்லை வாங்கிக் கூட்டிப் பிரிச்சுக் காட்டினன். அன்ரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு, "பிள்ளை, அதுக்குள்ள மோட்டர் கரண்டும் இருக்கெல்லே" எண்டா. அது நியாயம், மோட்டரை நான் கணக்கில எடுக்கேல்லை. இருந்தாலும் மோட்டரைச் சேர்த்தும் கொஞ்சம் கூடத்தான், அந்த "கொஞ்சம்" பற்றிக் கேக்க அவ சாப்பிட வரச் சொல்லிட்டா.

கேற் நேரம் இரவு ஒன்பது. அம்மாவுக்கு இது சரியான சந்தோசம், எனக்கும் முதல் அஞ்சு மாசம் பிரச்சினை இல்லை. மார்ச் வந்தது. மார்ச் 31 கணக்கு முடிக்கிற நாள், ஓடிற் ஒபிஸில அந்த நேரம் வீடு எண்டொண்டு இருக்கிறதே மறந்து போகும். ஒருநாள் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் பிந்தி, பத்தரைக்கு வந்து நிண்டன், மேல கேற்றுக்கு உள்பக்கத்தால இன்னொரு பூட்டு, அன்ரியின்ர ஃபோன் ஓஃப், அறைப் பிள்ளையள் நித்திரை. படியில லப்டொப் பையைக் கட்டிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருந்தனான், கீழ் வீட்டு அங்கிள் தண்ணி குடிக்க எழும்பிக் கண்டு மேல ஃபோன் எடுத்துத்தான் கதவு திறந்தது. அன்ரி திறந்திட்டு ஒண்டும் பேசேல்லை, புட்டைச் சூடாக்கி வச்சா. பேசி இருந்தாப் பரவாயில்லை எண்டு இருந்தது. வேலை நேரம் பிந்துற ஆக்கள் அட்வான்ஸ் குடுக்க முதல் இதைக் கதைச்சுக் கொள்ளுங்கோ. நேர்ஸ்மார், கோல் சென்ரர் ஆக்கள், இந்த மாதிரி வீடுகள் உங்களுக்குச் சரிவராது.

இன்னொரு விசயம், வந்த அண்டைக்கே அன்ரி ஒரு சி.ஆர். கொப்பியை, தடிச்ச மட்டைக் கொப்பியை, கொண்டு வந்து முன்னால வைப்பா. பேர், அடையாள அட்டை நம்பர், ஊர் விலாசம், அப்பான்ர ஃபோன் நம்பர், வந்த திகதி, எல்லாம் எங்கட கையெழுத்தில எழுத வேணும். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, என்ன இது பள்ளிக்கூடமோ எண்டு. பிறகு ஒருநாள் இரவு தேங்காய் துருவிக்கொண்டு இருக்கேக்க சொன்னா. 2007 ஜூனில கொழும்பு லொட்ஜுகளில நிண்ட தமிழ் ஆக்களை பொலிஸ் இரவோட இரவா எழுப்பி பஸ்சில ஏத்தி வடக்கு கிழக்குப் பக்கம் அனுப்பினது எல்லே, உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நிண்டது. அந்தக் காலத்தில பொலிஸ் வந்து வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேட்டா ஒரு நிமிசம் தடுமாறினாலும் கூடாது, அதுக்காகத் தொடங்கின கொப்பியாம். இப்ப ஒருத்தரும் கேக்க வாறேல்லை, கொப்பி மட்டும் நிக்கேல்லை. பழைய கொப்பி ஒண்டைக் காட்டினா, கல்முனை, வவுனியா, பருத்தித்துறை, ஹட்டன், சில பேருக்குப் பக்கத்தில சிவப்புப் பேனையால "கனடா" எண்டு எழுதிக் கிடக்கு. நான் அதுக்குப் பிறகு கொப்பியைப் பற்றி முணுமுணுக்கேல்லை.

போக்குவரத்துக்கு இந்த இடத்தை அடிக்க ஏலாது. வெள்ளவத்தை ஸ்ரேஷனில ஏறினா பம்பலப்பிட்டி, அடுத்தது கொள்ளுப்பிட்டி, அவ்வளவுதான். சீசன் ரிக்கெற் எடுத்தாச் செலவும் சொற்பம். ஆனா காலமை ரெயின் பாணந்துறைப் பக்கமிருந்து நிறைஞ்சுதான் வரும், ஆம்பிளையள் ஃபுட்போர்டில தொங்குவினம், நீங்கள் எங்க கை வைக்கிறது எண்டு யோசிக்க முதல் ரெயின் போயிடும். பஸ் எண்டா 100, 101 ரெண்டும் காலி றோட்டால நேரா புறக்கோட்டைக்கு, 155 பம்பலப்பிட்டியில உள்பக்கம் திரும்பி கம்பஸ் பக்கம் போகும். இதில புது ஆக்கள் எல்லாரும் மாட்டுற இடம் ஒண்டு இருக்கு, கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில காலி றோட்டும் அதுக்குச் சமாந்தரமாப் போற டுப்ளிகேஷன் றோட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கு ஒருவழி, அதால காலமை இறங்கின இடத்துக்கு எதிர்ப்பக்கம் நிண்டு பின்னேரம் பஸ்சுக்குக் காத்துக் கொண்டிருந்தா விடியும் மட்டும் நிக்கலாம். நான் முதல் நாள் அரை மணித்தியாலம் நிண்டனான். ஒரு சிங்கள அம்மா கையைப் பிடிச்சு மற்ற றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டவ, வழி முழுக்கக் கதைச்சுக் கொண்டு வந்தா, எனக்கு விளங்கினது "துவ" (மகள்) எண்ட ஒரு சொல்லு மட்டும்தான்.

இதுதான் நான் உண்மையில சொல்ல வந்த விசயம். வெள்ளவத்தையைக் குட்டி யாழ்ப்பாணம் எண்டு பகிடிக்குச் சொல்லுறவை, ஆனா அது பகிடி இல்லை. மரக்கறிக் கடையில தமிழ், பாமசியில தமிழ், கோயில், தமிழ்ச் சங்கம், 1942இல தொடங்கின சங்கம், லைப்ரரியும் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை போய் இருந்து வாசிக்கலாம். பின்னேரம் காலி றோட்டு நீளத்துக்கு யாழ்ப்பாணம் போற இரவு பஸ்சுகள், அம்மா மாம்பழ சீசனுக்கு அந்த பஸ்சிலதான் பெட்டி போட்டு விடுவா, விடியக்காலமை போய் நித்திரைத் தூக்கத்தில எடுக்க வேணும். கறுத்தக் கொழும்பான் எண்டு பேர், கொழும்பில தேடினா ஊர் ருசியில கிடைக்காது, ஊரில இருந்துதான் கொழும்புக்கு வர வேணும், இதை ஆருக்குச் சொல்லிச் சிரிக்கிறது. இப்பிடி எல்லாம் காலடியில கிடந்தா என்ன நடக்கும்? அஞ்சு மாசம் முடியேக்க நான் கொழும்பில அறிஞ்சது ஒபிஸ், ஸ்ரேஷன், அன்ரி வீடு. சிங்களம் வந்தது "பஹினவா", "கீயத", "ஹரி" மட்டும். ஒபிஸில மதியச் சாப்பாட்டு மேசையில எல்லாரும் சிரிக்கேக்க ஒரு செக்கன் பிந்திச் சிரிப்பன், என்னத்துக்கு எண்டு தெரியாமல்.

என்ர அறைப் பிள்ளை மலையகம், ஹட்டன். அவள் தமிழில சண்டை பிடிச்சுக்கொண்டு அப்பிடியே சிங்களத்துக்கு மாறி திறீவீல்காரரோட விலை பேசுவாள், திரும்பவும் தமிழுக்கு வந்து விட்ட இடத்தில சண்டையைத் தொடங்குவாள். அவள்தான் ஒருநாள் நேராச் சொன்னவள், "அக்கா, நீங்க இன்னும் யாழ்ப்பாணத்துலதான் இருக்கீங்க, டெய்லி ரெயின்ல கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டு வாறீங்க." கோவம் வந்தது. ரெண்டு நாள் கதைக்கேல்லை. பிறகு மரக்கறி வாங்கிற வேலையை நானே கேட்டு எடுத்து, தமிழ்க் கடையை விட்டிட்டு சிங்களக் கடைக்குப் போகத் தொடங்கினன். முதல் தரம் போய் "பாவக்காய்க்கு" என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் கையால காட்டி, கடைக்கார மாத்தையா "கரவில" எண்டார், நான் மூண்டு தரம் திருப்பிச் சொன்னன், அவர் நாலாம் தரமும் சொல்லச் சொல்லிச் சிரிச்சார், கடைசியில ஒரு பிடி கறிவேப்பிலை சும்மா போட்டு விட்டார். கறிவேப்பிலைக்கு "கரபிஞ்ச". அண்டைக்கு ரெண்டு சொல்லு.

அதால மார்க்ஸ் போடச் சொன்னா இப்பிடிப் போடுவன். அறைக்கு அஞ்சுக்கு ரெண்டு, சாப்பாட்டுக்கு அஞ்சு, கரண்ட் கணக்குக்கு ரெண்டரை, பாதுகாப்புக்கு நாலரை (அரை போனது அந்தப் படிக்கட்டு இரவுக்கு). ஊரில இருந்து முதல் தரம் வெளிக்கிடுற ஆளெண்டா கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ, முதல் மூண்டு நாலு மாசம் ஒரு புது ஊரில வயிறு ஒழுங்கா இருக்கிறதே பெரிய விசயம், காய்ச்சல் வந்தா கொத்தமல்லி அவிச்சுத் தர ஒராள் இருக்கிறது சின்ன விசயம் இல்லை. ஆனா ஆறு மாசத்துக்கு மேல பேசாதேங்கோ. ஏற்கனவே சிங்களம் தெரிஞ்ச, வேற ஊரில இருந்து பழகின ஆளெண்டா இந்தக் காசுக்கு உள்பக்கமா இதை விடப் பெரிய அறை கிடைக்கும், காத்தும் வரும்.

நான் ஜூனில வெளிக்கிட்டன். ஹட்டன் பிள்ளையும் நானும் சேர்ந்து இப்ப கிருலப்பனைப் பக்கம் ஒரு சின்ன அனெக்ஸ், வீட்டுக்காரர் சிங்கள ஆக்கள், கேற் திறப்பு எங்கட கையில, சமையல் எங்கட தலையில. வெளிக்கிடுற அண்டைக்கு அன்ரி கொப்பியைக் கொண்டு வந்து போற திகதியும் போற விலாசமும் எழுதச் சொன்னா. எழுதி முடிய அட்வான்ஸ் காசை எண்ணித் தந்தா, 60,000 தர வேண்டியது 50,000 இருக்கு, சுவருக்கு பெயின்ற் அடிக்கவாம். நான் வரேக்கயே அந்தச் சுவர் அந்தக் கோலம்தான், ஃபோட்டோ எடுத்து வைக்காதது என்ர பிழை, நீங்கள் போன முதல் நாளே நாலு சுவரையும் எடுத்து வையுங்கோ.

இரவுச் சாப்பாடு அன்ரி வெளி ஆக்களுக்கும் பார்சல் கட்டிக் குடுக்கிறவ, ஆறு மணிக்கு முதல் சொல்ல வேணும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வெள்ளிக்கிழமை ஒபிஸ் முடிய ரெயினில வெள்ளவத்தையில இறங்கி எடுத்துக் கொண்டு வாறனான். சம்பல் மற்ற ஆக்களை விடக் கூடத்தான் வச்சுக் கட்டுவா. பெயின்ற் காசைப் பற்றி ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை.